கீழ் வேலை செய்யணுமா, வேண்டாமா

எங்கள் கடைக்கு விதை வாங்க வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "இந்த வருஷம் எதைப் போடலாம்?" என்பதுதான். நான் யோசிப்பதே இல்லை. உளுந்தா பாசியா, மக்காச்சோளமா கம்பா, மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைப்பதா, ஈரம் கண்ட பிறகு விதைப்பதா, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். சரியான பதிலா என்பது வேறு விஷயம். சட்டென்று இருக்கும். கோவில்பட்டி பஜாரில் அப்பா காலத்திலிருந்து நடக்கிற கடை இது. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு "தெரியாது" என்று ஒரு தடவை சொன்னால் போதும், மறுநாள் எதிர்க்கடையில் நிற்பார்கள். அப்படிப்பட்ட நான், ஒரு காரின் இன்ஜினுக்குக் கீழ் வேலை செய்யலாமா வேண்டாமா என்கிற கேள்விக்கு ஒரு புரட்டாசி முழுவதும் பதில் தெரியாமல் திண்டாடினேன்.

கார் என் வீட்டுக்காரருடையது. அவர் கப்பலில் இன்ஜினியர். பிறந்தது தூத்துக்குடி, கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அதனால் இந்த ஊருக்கே அவர் மாப்பிள்ளை. வருஷத்தில் பெரும்பகுதி கடலில் இருப்பார். ஊருக்கு வந்தால், வந்த மறுநாளே காரின் பானெட்டைத் திறந்துவிடுவார். பழைய டீசல் கார்தான். முதல் விடுமுறையில் புகைக் குழாயை மாற்றினார். அடுத்த விடுமுறையில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், இன்ஜினுக்குள் இருக்கிற கம்ப்யூட்டரில் என்னவோ மாற்றி எழுதிக் கொண்டுவந்தார். அதற்கடுத்த தடவை, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவையே பெரிதாக மாற்றினார். ஒவ்வொரு தடவையும் இன்ஜினின் குதிரைத்திறனில் கொஞ்சம் குதிரைகள் கூடின. "இத்தனை குதிரையை நம்ம பஜார்ல எங்கன கட்டிப் போட?" என்று கேட்பேன். சிரிப்பார். அவர் ஓட்டினால் நான் இருக்கையோடு ஒட்டிக்கொள்வேன். மடியில் வைத்த கைப்பை வயிற்றை அமுக்கும். கோவில்பட்டியில் ஆரம்பித்த செபமாலை தூத்துக்குடி வருவதற்குள் பாதிகூட முடிந்திருக்காது.

அவர் இல்லாத மாதங்களில் அதே காரை நான் ஓட்டுவேன். அறுபதைத் தாண்டமாட்டேன். பின்னால் வருகிற மினி பஸ்காரன்கூட என்னைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போவான்.

போன விடுமுறை முடிந்து பெட்டியை மூடும்போது அவராகவே ஒன்று சொன்னார். நான் கேட்கவில்லை. "ஏட்டி, இந்தத் தடவை இறங்கினா இனி ஏற வேண்டாம்னு பாக்கேன். தூத்துக்குடில கப்பல் ரிப்பேர் பட்டறையில வாரியளான்னு கேக்காவ. முடிவு பண்ணிட்டுச் சொல்லுதேன்." நான் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தைக் காட்டிக்கொண்டால் மனசை மாற்றிவிடுவாரோ என்று பயந்து, "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னேன். பிள்ளையும் படிக்கப் போய்விட்டாள். கடையைப் பூட்டிவிட்டு வந்து, எனக்கென்று ஒரு தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுவது எனக்கு அலுத்துப் போயிருந்தது. அவர் வீட்டில் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இவ்வளவுதான் என் ஆசை, ஆனால் அதைப் போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கார் அடிபட்டது. குளத்தூர்ப் பக்கம் ஒருவர், எங்கள் கடையில் வாங்கிய விதை முளைக்கவில்லை என்று போனில் கத்தினார். நேரில் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். முந்தின வாரம் அங்கே ஒரு மழை பெய்திருந்தது. காட்டுப் பாதையில் டிராக்டர் போன தடம் ஆழமாகப் பதிந்து, பிறகு அடித்த வெயிலில் இறுகிக் கிடந்தது. கரிசல் மண் ஈரமாக இருந்தால் செருப்பைப் பிடுங்கும், காய்ந்தால் கருங்கல்தான். இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவில் மேடு நின்றதை நான் கவனிக்கவில்லை. காருக்கு அடியில் 'டமார்' என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் ஒழுகவில்லை. அந்த மனிதரிடம் போய், விதையை மூன்று விரல்கடை ஆழத்தில் புதைத்தால் எப்படி முளைக்கும் என்று சண்டை போட்டு ஜெயித்துவிட்டுத் திரும்பினேன்.

எப்போதும்வென்றான் பக்கம் வரும்போது ஸ்டீயரிங்குக்கு முன்னால் எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. இந்தக் காரைப் பற்றி என் வீட்டுக்காரர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுதான்: "அது எரிஞ்சா நடு ரோடா இருந்தாலும் ஆஃப் பண்ணிரு." ஆஃப் பண்ணினேன். ஊர்ப் பெயரைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் காரை எப்போதும் பார்க்கிற மெக்கானிக் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ஒரு வண்டியை அனுப்பி ஏற்றிக்கொண்டு போனார்.

அவர் ஷெட் எட்டயபுரம் ரோட்டில் இருக்கிறது. மறுநாள் போனபோது இன்ஜினையே இறக்கி ஒரு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார். அடியில் எண்ணெய் தேங்குகிற சேம்பர் தகரம் உள்பக்கமாக நசுங்கி, எண்ணெய் உறிஞ்சுகிற குழாயின் வாயை அடைத்துவிட்டது என்று காட்டினார். பேரிங்குகளில் கோடு விழுந்திருந்தது. பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினார். கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்தது. விரிசல் இருந்தால் 'டப்'பென்று அடங்கிவிடுமாம்.

"தப்பிச்சிட்டு தங்கச்சி. நல்ல வேளை உடனே ஆஃப் பண்ணுனிய" என்றார். நான் மூச்சுவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். "தொறந்தது தொறந்தாச்சு, கீழ் வேலையும் செஞ்சிருவமா?" என்று கேட்டார்.

என்ன கீழ் வேலை என்று கேட்டேன். "மாப்பிள்ளை இன்ஜினுக்கு மேல பவர மேக்கொண்டு மேக்கொண்டு கூட்டிட்டாவ. மேல அடி பலமா விழுது. கீழ வாங்குறது அதே பழைய கம்பெனி சாமான். ராடு, போல்ட்டு, பிஸ்டன் எல்லாம் வார்ப்பா இல்லாம, காய்ச்சி அடிச்சு செஞ்சதா போட்டுட்டா அசையாது."

"அப்ப செஞ்சுதான் ஆகணுமா?"

"செய்யலாம்."

"செய்யலைன்னா?"

"செய்யாமலும் ஓட்டலாம்."

எனக்கு வந்ததே கோபம். விதை வாங்க வந்தவனிடம் நான் இப்படிப் பதில் சொன்னால் கடையை எப்போதோ மூடியிருப்பேன். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று அதட்டினேன். அவர் கைத்துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "கீழ பலமாயிட்டா அடுத்து கிளட்ச் தாங்காது. அதை மாத்தினா கியர்பாக்ஸ் நான் இருக்கேன்னு வரும். செய்யாம விட்டா, என்னைக்காவது ஒரு நாள் ராடு வளைஞ்சு பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளிய வந்தாலும் வரும். வராமலும் இருக்கும். ஒரு சங்கதி, அடிச்சு செஞ்ச பிஸ்டன் போட்டா காலைல எடுக்கையில கொஞ்ச நேரம் டொக்டொக்குன்னு தட்டும். சூடானா அடங்கிரும். பயந்துராதிய."

கடைக்கு வந்து வாய் தவறி இதைச் சொல்லிவிட்டேன். பஜாரே பதில் சொல்ல ஆரம்பித்தது. இந்தக் கரிசலில் வீடு கட்டுகிறவர்கள், அடியில் சுக்கான் பாறை தட்டுகிறவரை தோண்டாமல் அஸ்திவாரம் போடமாட்டார்கள். போட்டால் அடுத்த மழைக்குச் சுவர் வெடிக்கும். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எந்தப் பொருளைக் காட்டினாலும் புத்தி முதலில் அதன் அடிக்குத்தான் போகும். "கீழ பாக்காம மேல கட்டுவானா யாராவது? உடனே செஞ்சிருங்கம்மா" என்றார் உளுந்து வாங்க வந்த ஒருவர். "கம்பெனிக்காரன் என்ன மடையனா? அவன் போட்டது போதும்" என்றார் பக்கத்தில் நின்றவர். இரண்டு பேரிடமும் கார் கிடையாது. இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கப்பலில் இருந்து பேசினால் குரல் பாதி வரும், பாதி கடலில் விழுந்துவிடும். விஷயம் தெரிந்ததும் குதித்தார். "நல்லதாப் போச்சு ஏட்டி! ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். கீழ முழுசா மாத்திருவோம். கோயம்புத்தூர்க்காரர்ட்ட நான் பேசுதேன்." எனக்கும் நிம்மதி. கேள்வி தீர்ந்தது என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து, "கொஞ்சம் பொறு, யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். அதற்குப் பிறகு பேசியபோது, "அண்ணாச்சி என்ன நினைக்காவ?" என்று கேட்டார். அப்புறம் ஒரு தடவை, "நீ என்ன நினைக்க?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான நாளிலிருந்து இன்ஜின் விஷயத்தில் அவர் என் அபிப்பிராயத்தைக் கேட்டதில்லை. அவர் பார்க்கிற கப்பல் இன்ஜின் எங்கள் வீட்டைவிட உயரம். அதில் ஒரு சத்தம் மாறினால், நிறுத்துவதா ஓட்டுவதா என்று நின்ற நிலையில் முடிவு செய்கிறவர். அவருக்கு இந்தக் குட்டி இன்ஜினில் என்ன தடுமாற்றம்? "கப்பல ஓட்டுதியளா, ஊஞ்சல ஆட்டுதியளா?" என்று கத்திவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டார்.

ஊரில் விதைப்பு மும்முரம். மேகம் மணியாச்சிப் பக்கம் கூடுவதும் கலைவதுமாக இருந்தது. மழையை நம்பிப் புழுதியில் விதைக்கிறவர்கள் கடையில் நெருக்கியடித்தார்கள். பகல் முழுக்க எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டு, சாயங்காலம் ஸ்கூட்டரில் ஷெட்டுக்குப் போய் அந்த இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேலே சாக்கு போட்டு மூடிவைத்திருப்பார். "என்ன தங்கச்சி, முடிவாச்சா?" என்பார் அண்ணாச்சி. ஆகவில்லை என்று சொல்லவே கேவலமாக இருக்கும்.

கடைசியில் நானே கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் செய்தேன். பவரைக் கூட்டிக் கொடுத்தவர் அவர்தானே, அவருக்குத் தெரியாமலா இருக்கும். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டிய இனி யாருங்க ஓட்டப் போறாங்க?"

"ஏன்?"

"சார் ஊர்லயே இருந்து ஓட்டறதுன்னா கண்டிப்பா கீழ பண்ணிப் போடுங்க. அவரு மிதிக்கிற மிதிக்குக் கம்பெனி ராடு தாங்காதுங்க. நீங்க மட்டும் ஓட்டறதுன்னா ஒண்ணும் வேண்டாங்க, அது பாட்டுக்கு ஓடும். பவரு இன்ஜின்ல இருந்தா மட்டும் ராடு வளையாதுங்க. யாராச்சும் மிதிக்கணும்."

போனை வைத்துவிட்டு நெடுநேரம் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்து பாசிப்பயறு விதை கேட்டார், உளுந்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் சொல்லித்தான் மாற்றிக் கொடுத்தேன். மாப்பிள்ளை இருந்து ஓட்டினால் கீழ் வேலை வேண்டும், நான் மட்டும் ஓட்டினால் வேண்டாம். அப்படியானால் என் வீட்டுக்காரர் இத்தனை நாளாக முடிவு செய்ய முடியாமல் தவிக்கிறது இன்ஜினைப் பற்றி இல்லை. இது புரிந்த பிறகாவது எனக்குத் தெளிந்திருக்கவேண்டும். மாறாக இன்னும் குழம்பினேன். நேரடியாகக் கேட்டுவிடலாமா? கேட்டால் எனக்காக வருகிறேன் என்பாரோ? எனக்காக வந்து, காலம் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரோ? கேட்காமல் விட்டால், இவளுக்கு நான் வேண்டியதில்லை போல என்று நினைப்பாரோ? எதைச் செய்யவும் பயமாக இருந்தது. அன்று அவர் பேசியபோது, "கீழ் வேலையப் பத்தி நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லுததுதான் முடிவு" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பை மாட்டும்போது போனில் அவர் குரல் பதிவு வந்திருந்தது. அங்கேயே நின்று காதில் வைத்துக் கேட்டேன்.

"ஏட்டி, யோசிச்சுப் பாத்தேன். கம்பெனி பேரிங்கே போட்டுப் பூட்டச் சொல்லிரு. கீழ் வேலையெல்லாம் வேண்டாம். உனக்கு அது போதும்."

இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். கடைசி வார்த்தைகளை மட்டும் திரும்பவும் கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டுத் தை மாதத்தில் இன்னொரு கப்பலில் ஏறுகிறேன், கையெழுத்துப் போட்டாச்சு, இந்த ஒரு தடவைதான் என்று அவர் விளக்கமாகச் சொன்னது இரண்டு நாள் கழித்துத்தான். எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

திங்கட்கிழமை கடையைத் திறப்பதற்கு முன்னால் ஷெட்டுக்குப் போனேன். அண்ணாச்சி அப்போதுதான் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை எனக்கும் சொல்லிட்டாவ தங்கச்சி. கம்பெனி சாமானே போதும்னாவ. பூட்டிரவா?"

"வேண்டாம். கீழ் வேலை செஞ்சிருங்க."

அவர் ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார். "மாப்பிள்ளை வேண்டாம்னுல்லா சொன்னாவ. நீங்க ஓட்டுற ஓட்டுக்கு அது தேவையே இல்லையே."

"செய்யுங்கன்னேன்லா அண்ணாச்சி. ராடு, போல்ட்டு, பிஸ்டன், எல்லாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கோபத்தில் சொன்னேனா? அவர் சொன்னதை ஒரு தடவையாவது மீறவேண்டும் என்று தோன்றியதா? அங்கிருந்து வந்து கடையைத் திறந்ததும், "மழை வரலைன்னா என்ன செய்ய?" என்று கேட்ட ஒருவரிடம், "வந்தா முளைக்கும், போய் விதைங்க" என்று சிடுசிடுத்து அனுப்பினேன். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

சாமான்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்து, லேத்தில் அளவு பார்த்து, இன்ஜின் பூட்டி முடிய ஐப்பசி ஆகிவிட்டது. அண்ணாச்சி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கி வண்டியைக் கொடுத்தார். நான் கோயிலில் நிறுத்தி மந்திரித்து எடுத்து வந்தேன். பங்குச் சாமியார் பானெட்டின் மேல் தீர்த்தம் தெளித்தார். கீழேயும் கொஞ்சம் தெளியுங்கள் என்று சொல்ல நினைத்து வாயை மூடிக்கொண்டேன். தான் சொன்னது போலவே பூட்டியாயிற்று என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அண்ணாச்சியும் வாயைத் திறக்கவில்லை.

டிசம்பரில் வந்தார். வந்த மறுநாள் காலையில், நான் அடுப்படியில் இருந்தேன், கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போகிற சத்தம் கேட்டது. குளிர் காலை. ஸ்டார்ட் செய்தார். டொக், டொக், டொக் என்று தட்டியது. வேறு யாராக இருந்தாலும் ரிப்பேர் என்று நினைத்திருப்பார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"கீழ் வேலை செஞ்சிருக்க" என்றார்.

"ஆமா."

"நான்தான் வேண்டாம்னேனே. உனக்கு எதுக்கு இது?"

"எனக்கு இல்ல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பானெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. நானும் உள்ளே போகவில்லை. இன்ஜின் சூடேறி அந்தத் தட்டல் கொஞ்சங்கொஞ்சமாக அடங்கும்வரை இரண்டு பேரும் காருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றோம். அன்றைக்குத் தூத்துக்குடி வரைக்கும் போனோம். முழுதாக மிதிப்பார் என்று நினைத்து, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் போலவே மெதுவாக ஓட்டினார். என் செபமாலை தூத்துக்குடிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

தையில் சொன்னபடி கப்பலேறினார். கார் நன்றாகத்தான் ஓடுகிறது. கீழ் வேலை செய்ததால் ஓடுகிறதா, செய்யாவிட்டாலும் இப்படியேதான் ஓடியிருக்குமா என்று அண்ணாச்சியிடம் ஒரு நாள் கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றார். அவரைத் திருத்த முடியாது.

போன வாரம் என் வீட்டுக்காரர் பேசினார். மழை, கடை, பிள்ளை எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில், "காலைல அந்தச் சத்தம் இன்னும் வருதா?" என்று கேட்டார்.

"வருது" என்றேன். "வந்து கேட்டுக்கிடுங்க."